எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்

காதர்பேட்டைக்குப் பனியன் வாங்கச் செல்கிறவர் யாராயினும் ஒரு வாசகத்தைக் கேட்காமல் திரும்ப முடியாது. கடைக்காரர் கட்டைப் பிரிப்பார்; பத்துப் பத்தாக அடுக்குவார்; விரல் நுனியால் ஓரங்களைத் தட்டிக்கொண்டே எண்ணி முடிப்பார். பிறகு சரக்கை முன்னே தள்ளி, "எண்ணிப் பார்த்துக்குங்க" என்பார். வாங்க வந்தவரும் எண்ணுவார். கேரளத்திலிருந்து வந்தவர் மலையாளத்தில் எண்ணுவார். வடக்கேயிருந்து வந்தவர் இந்தியில் எண்ணுவார். கடைக்காரர் அதை அவமானமாகக் கொள்வதில்லை. எண்ணாமல் கட்டை எடுத்துச் செல்கிறவரைத்தான் அவர் சற்று ஐயத்தோடு பார்ப்பார். நாளைக்கு வந்து தகராறு செய்யக் கூடியவர் அவர்தாமே!

நம் மொழியில் 'எண்ணுதல்' என்னும் சொல் கணக்கிடுதலையும் குறிக்கிறது, சிந்தித்தலையும் குறிக்கிறது. 'எண்ணிப் பார்' என்று தாய் பிள்ளைக்குச் சொல்லும்போது அவள் விரல் மடக்கச் சொல்லவில்லை. இந்தச் சொல்லின் இரு பொருளும் ஒருங்கே என் நினைவுக்கு வரக் காரணமாயிருந்தது ஒரு திரைப்படமும், அதைப் பார்த்த ஓர் இளைஞர் கேட்ட கேள்வியும்.

எங்கள் பங்கின் இளைஞர் இயக்கத்தார் சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை 'மண்டேலா' திரைப்படத்தைப் பங்கு மன்றத்தில் திரையிட்டுக் கலந்துரையாடலும் வைத்தனர். ஞாயிறு என்றாலும் பாதிப் பேர் ஓவர்டைம் முடித்துப் படத்தின் நடுவில்தான் வந்து சேர்ந்தனர். அது இவ்வூரின் இயல்பு. மடோன் அஷ்வின் இயக்கிய இப்படம் 2021 ஏப்ரலில், நம் மாநிலச் சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டே நாள்களுக்கு முன் தொலைக்காட்சியில் நேரடியாக வெளியானது. 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் அறிமுக இயக்குநருக்கான விருதும் வசனத்துக்கான விருதும் இதற்குக் கிடைத்தன. விருது பெற்ற படங்களைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு தயக்கம் உண்டு. இப்படம் அத்தயக்கத்தைப் பத்து நிமிடங்களில் போக்கிவிட்டது.

கதை சூரங்குடி என்னும் சிற்றூரில் நிகழ்கிறது. ஊர் இரு சாதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஊர்ப் பெரியவரின் இரு மகன்கள் இரு தரப்புக்கும் தலைவர்களாகி, ஊராட்சித் தலைவர் பதவிக்கு எதிரெதிராக நிற்கின்றனர். ஊர்க்கோடியில் மரத்தடியே வீடாகவும் கடையாகவும் கொண்டு முடி திருத்தி வாழும் ஒருவனுக்கு ஊரார் வைத்திருக்கும் பெயர் ஏளனப் பெயர். அவனுக்கென்று சொந்தப் பெயர் கிடையாது. வீடுகளுக்குள் அவன் பின்வாசல் வழியேதான் போகவேண்டும். சேமிப்புக் கணக்குத் தொடங்க அஞ்சலகம் சென்றபோது அங்குப் பணியாற்றும் தேன்மொழி அவனுக்கு நெல்சன் மண்டேலா என்று பெயர் சூட்டுகிறாள். பெயர் வந்ததும் அடையாள அட்டை வருகிறது; அட்டையோடு வாக்கும் வருகிறது. இரு தரப்புக்கும் சம எண்ணிக்கையில் வாக்குகள் இருக்க, பின்வாசல் மனிதனின் ஒற்றை வாக்கே ஊரின் தலைவிதியை முடிவு செய்யப்போகிறது என்று தெரிய வரும்போது, முன்வாசல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. யோகி பாபுவின் நடிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அவர் சிரிக்க வைக்க முயலாத காட்சிகளில்தான் நாம் மிகுதியாகச் சிரிக்கிறோம், பிறகு சிரித்ததற்கு நாணுகிறோம்.

திருப்பெயர் சூட்டுதலை அருளடையாளத்தின் பகுதியாகக் கொண்ட நமக்கு, பெயரில்லாதவன் பெயர் பெற்று மனிதனாகும் இக்காட்சிகள் புதியவை அல்ல. ஆனால் என் கவனத்தை ஈர்த்தது அதற்குப் பின் அவனுக்குள் நிகழும் மாற்றமே. முதலில் அவன் தன் வாக்கைத் தன் உடைமையாக எண்ணுகிறான். இரு தரப்பாரும் கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்கிறான். துணி வருகிறது, உணவு வருகிறது, கடை வருகிறது. விலையுள்ள பொருள் ஒன்று கையில் இருக்கும் மகிழ்ச்சி அவனுக்கு. அந்த மகிழ்ச்சி அடியும் அவமானமுமாக முடிந்தபின்தான், தன் கையிலிருப்பது தனக்குரிய பொருள் அன்று, ஊருக்காகத் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட ஒன்று என்று உணர்கிறான். அதன்பின் தனக்கென்று கேளாமல் சாலையையும் பள்ளியையும் கழிப்பறையையும் ஊருக்காகக் கேட்கிறான். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு தன் 75ஆம் எண்ணில், தடையின்றி வாக்களிப்பதைக் குடிமக்களின் உரிமையென்றும் கடமையென்றும் கூறி, அதைப் பொதுநலனோடு பிணைக்கிறது. குருமடத்தில் நாங்கள் அவ்வேட்டை வரிவரியாகப் படித்தோம். சூரங்குடி முடிதிருத்துபவன் அதை மரத்தடியில் படித்து முடித்துவிட்டான்.

இவ்வளவு பாராட்டியபின் என் மனக்குறையையும் சொல்லிவிட வேண்டும். இப்படத்தில் எண்ணிக்கை தேர்தலுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. வடக்கூரில் இத்தனை பேர், தெக்கூரில் இத்தனை பேர், ஆகவே இத்தனை வாக்குகள். எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. அந்த ஒருவன்தான் சிந்திக்கிறான்; மற்றவர்களெல்லாம் பிறப்பிலேயே எண்ணி முடிக்கப்பட்டவர்கள். நையாண்டிக்கு இது தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், சமநிலையில் விழும் கடைசி வாக்குக்குத்தான் மதிப்பு, மற்றவை வெறும் எடை என்ற ஓர் எண்ணத்தை அது நம்மிடம் விட்டுச் செல்கிறது. அதைவிடப் பெரிய குறை மற்றொன்று. படத்தின் முழு அக்கறையும் வாக்கு பெட்டியை அடையும்வரைதான். பெட்டிக்குள் விழுந்த வாக்குக்கு அதன்பின் என்ன நேர்கிறது என்பதைக் கதை கேட்பதில்லை.

அதைக் கேட்டவர் எங்கள் மன்றத்தில் பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு தையல் தொழிலாளி. இராதாபுரத்துப் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து ஆண்டுகளாக இங்கே பவர்டேபிளில் தைக்கிறவர். "சாமி, படத்துல ஒரு ஓட்டுக்கு ஊரே அலையுது. எங்க ஊருல இருநூறு ஓட்டைப் பிரிச்சே பாக்காம ஒதுக்கி வச்சாங்களே, அதுக்கு யாரு படம் எடுப்பா?" என்றார். மன்றம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

இராதாபுரம் வழக்கை வாசகர் பலர் மறந்திருக்கக்கூடும். இடிந்தகரையும் வடக்கன்குளமும் அடங்கிய தொகுதி அது. நம் மக்கள் மிகுதியாக வாழும் பகுதி. 2016 மே மாதம் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வின் இன்பதுரை 69,590 வாக்குகளும் தி.மு.க.வின் அப்பாவு 69,541 வாக்குகளும் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. வேறுபாடு 49. திருப்பூரிலிருந்து தேர்தலுக்கு முந்தின இரவு தென்மாவட்டங்களுக்குப் புறப்படும் பேருந்து ஒன்றில் இருக்கையில் அமர்வோர் ஏறத்தாழ அத்தனை பேர்தாம். அப்படியொரு பேருந்தில் நின்றுகொண்டே ஊர் போய் வாக்களித்து, மறுநாள் காலை கம்பெனிக்குத் திரும்பியவர் இத்தையல் தொழிலாளி.

தோற்றவர் உயர் நீதிமன்றம் சென்றார். அவருடைய முறையீட்டின் மையத்தில் இருந்தவை 203 அஞ்சல் வாக்குகள். அஞ்சல் வாக்குகளை யார் அனுப்புகிறார்கள் என்பதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். தேர்தல் நாளன்று வேறு சாவடியில் பணியிலிருப்பதால் தம் சாவடிக்குச் செல்ல இயலாத அரசு ஊழியர்கள், அவர்களுள்ளும் பெரும்பாலோர் ஆசிரியர்கள். நம் விரலில் மை வைப்பவர்கள். அவர்கள் தம் வாக்குச்சீட்டோடு ஓர் உறுதிமொழிப் படிவத்தையும் இணைத்து, அதில் சான்றொப்பம் அளிக்கும் தகுதியுடைய அலுவலர் ஒருவரின் கையொப்பத்தைப் பெற வேண்டும். அந்த 203 பேரின் படிவங்களில் கையொப்பமிட்டிருந்தவர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர். நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியருக்கு அத்தகுதி இல்லை என்று கூறி அவ்வாக்குகள் எண்ணப்படாமலேயே தள்ளப்பட்டன. வாக்காளர் யார் என்பதில் ஐயமில்லை. அவர் யாருக்கு வாக்களித்தார் என்பதை எவரும் பிரித்துப் பார்க்கவுமில்லை. உறையின்மேல் இருந்த ஒரு கையொப்பத்தின் பதவித் தகுதிதான் சிக்கல். வித்தியாசமோ 49; தள்ளப்பட்டவையோ 203.

நீதிபதி ஜி. ஜெயச்சந்திரன் 2019 அக்டோபர் 1ஆம் நாள் தீர்ப்பளித்தார். அத்தலைமையாசிரியர் சான்றொப்பமிடத் தகுதியுடையவரே, அவ்வாக்குகளைத் தள்ளியது முறையன்று என்று கூறி, அஞ்சல் வாக்குகளையும் வாக்கு இயந்திரத்தின் 19, 20, 21ஆம் சுற்றுகளையும் மீண்டும் எண்ண ஆணையிட்டார். அக்டோபர் 4ஆம் நாள் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணிக்கை நடந்தது. ஆனால் முடிவை வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அத்தடை நீண்டது. 2021இல் அச்சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்தது. அடுத்த தேர்தலில் அதே தொகுதியில் அதே இருவர் மோத, இம்முறை அப்பாவு வென்று சட்டப்பேரவைத் தலைவரானார். எண்ணப்பட்ட அந்த எண் என்னவென்று அவ்வவை கலையும்வரை வாக்களித்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

இவ்விருவரில் யார் உண்மையில் வென்றார் என்பது இக்கட்டுரையின் வினா அன்று. கட்சிச் சார்பாக எழுதுவது என் பணியும் அன்று. 203 வாக்குகளும் ஒரே பக்கம் விழுந்திருக்கும் என்றும் சொல்வதற்கில்லை; எண்ணிய பிறகு 49 என்பது 149 ஆகியும் இருக்கலாம். என் மனத்தை உறுத்துவது வேறு. இதில் கள்ள வாக்கு இல்லை, பெட்டியைத் தூக்கிச் சென்றவர் இல்லை, பணம் கொடுத்து வாக்கை வாங்கியவரைப் பற்றிய பேச்சே இல்லை. விதியைப் படித்தவர் தவறாகப் படித்தார், அவ்வளவே. ஆனால் அந்தத் தவறைத் திருத்த, ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரு பிற்பகலில் செய்து முடிக்கக்கூடிய வேலைக்கு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆனது. தேர்தல் வழக்கை ஆறு மாதங்களுக்குள் முடிக்க முயலவேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே கூறுகிறது. சட்டம் முயலச் சொல்கிறது, முடிக்கச் சொல்லவில்லை.

மறு எண்ணிக்கையைப் பற்றி நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகவே தயங்கி வந்துள்ளன. அத்தயக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 1964இல் ராம் சேவக் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாக்கின் இரகசியம் காக்கப்பட வேண்டுமாதலால், கேட்டவுடன் வாக்குச்சீட்டுகளைப் பிரித்துப் பார்க்க அனுமதிக்க முடியாது என்றது. தோற்றவர் ஒவ்வொருவரும் ஏதேனும் அகப்படுமா என்று வலைவீசிப் பார்க்க இடங்கொடுத்தால் எந்தத் தேர்தலும் முடியாது. உண்மைதான். ஆனால் 1989இல் ஓர் ஊராட்சித் தலைவர் தேர்தல் வழக்கில் அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. மறு எண்ணிக்கைக்கு ஆணையிடும் முன் போதிய ஆதாரம் காட்டப்பட்டிருக்க வேண்டும். எண்ணிய பிறகு கிடைத்த முடிவைக் கொண்டு அந்த ஆணையை நியாயப்படுத்த முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். கதவைத் தட்டாமல் திறந்து உள்ளே பார்த்த உண்மை, உண்மையாகவே இருந்தாலும் செல்லாது.

குருமடத்தில் அறநெறி இறையியல் கற்பித்த எங்கள் பேராசிரியர், நல்ல நோக்கம் தவறான வழியைத் தூய்மைப்படுத்தாது என்று வாரந்தோறும் சொல்லுவார். 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் படித்தபோது அவர் குரலே கேட்டது. ஆயினும் எனக்கு ஒரு தடை இருக்கிறது. இத்தீர்ப்புகளெல்லாம் வென்றவர், தோற்றவர் என்ற இருவருக்கிடையே நடக்கும் வழக்காகவே தேர்தலைப் பார்க்கின்றன. வென்றவருக்கு அமைதி வேண்டும், தோற்றவருக்கு ஆதாரம் வேண்டும் என்று துலாக்கோலைப் பிடிக்கின்றன. வாக்களித்தவர் அத்துலாக்கோலின் எந்தத் தட்டில் இருக்கிறார்? இராதாபுரம் வழக்கில் 203 ஆசிரியர்கள் வாதிகளும் அல்லர், பிரதிவாதிகளும் அல்லர். தொலைந்துபோனது அவர்களுடையது, வழக்காடியவர்களோ வேறு இருவர். மறு எண்ணிக்கை தோற்றவருக்குக் காட்டும் சலுகை என்று நினைக்கும்வரை அதைக் கஞ்சத்தனமாகவே கொடுப்போம். அது வாக்காளருக்குத் தரவேண்டிய கடன் என்று நினைத்தால் நம் கேள்வியே மாறிவிடும்.

அப்படி மாறியதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று அண்மையில் நடந்தது. அரியானாவின் பானிப்பட் மாவட்டத்தில் புவானா லக்கு என்னும் ஊரில் 2022 நவம்பரில் நடந்த ஊராட்சித் தலைவர் தேர்தலில் ஒருவர் வென்றதாக அறிவிக்கப்பட, மற்றவர் ஒரு சாவடியின் கணக்கு தவறென்று வழக்குத் தொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2025இல் நீதிபதிகள் வாக்கு இயந்திரங்களை நீதிமன்றத்துக்கே வரவழைத்து, பதிவாளர் ஒருவர் முன்னிலையில் எல்லாச் சாவடிகளையும் எண்ணச் செய்தனர். பதிவான 3,767 வாக்குகளில், தோற்றதாகச் சொல்லப்பட்ட மோகித் குமார் 1,051, வென்றதாகச் சொல்லப்பட்ட குல்தீப் சிங் 1,000. முடிவு தலைகீழானது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஒரு கிராமத்தின் வாக்குகளை எண்ண மேசை போட்டதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாயிருந்தது. ஆனால் அதற்குள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், ஐந்தாண்டுப் பதவியில் பாதிக்கு மேல், கழிந்திருந்தன.

கையால் எண்ணினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கை களைக்கும், கண் ஏமாறும். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் புளோரிடா மாநிலத்தில் 537 வாக்கு வித்தியாசம் அறிவிக்கப்பட்டபோது, துளையிடும் அட்டைகளைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்து எண்ணினார்கள். பாதி துளைக்கப்பட்ட அட்டையை ஒரு மாவட்டம் வாக்கென்றது, அடுத்த மாவட்டம் இல்லையென்றது. ஊருக்கு ஊர் அளவுகோல் வேறுபட்டால் அந்த எண்ணிக்கை எப்படி நேர்மையாகும் என்று கேட்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் டிசம்பர் 12ஆம் நாள் அதை நிறுத்தியது. கேள்வி சரியானது. ஒரே அளவுகோலை வகுத்துக் கொடுத்துவிட்டு எண்ணச் சொல்லியிருக்கலாமே என்பது என் எளிய எண்ணம்; நேரமில்லை என்றார்கள். தோற்றவர் தமக்குச் சாதகமான இடங்களை மட்டும் பொறுக்கி எண்ணச் சொல்வதும் நேர்மையன்று. அந்த வகையில் இராதாபுரத்தில் மூன்று சுற்றுகளை மட்டும் எண்ண ஆணையிட்டதைப் பற்றியும் ஒருவர் கேள்வி எழுப்பலாம்.

நம் நாட்டில் இன்று வாக்கு இயந்திரத்தோடு ஒப்புகைச் சீட்டும் உண்டு. பொத்தானை அழுத்தியபின் ஏழு வினாடிகள் கண்ணாடி வழியே தெரிந்து பெட்டிக்குள் விழும் அத்துண்டுச் சீட்டை நம்மில் எத்தனை பேர் கவனித்துப் பார்க்கிறோம்? 2019 முதல் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஐந்து சாவடிகளின் சீட்டுகள் கையால் எண்ணி ஒப்பிடப்படுகின்றன. இயந்திரத்துக்கும் சீட்டுக்கும் முரண் ஏற்பட்டால் சீட்டின் எண்ணே செல்லும். எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற வேண்டுகோளை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26ஆம் நாள் ஏற்கவில்லை. இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றவர்கள் ஏழு நாள்களுக்குள் எழுதிக் கேட்டால் ஐந்து விழுக்காடு இயந்திரங்களைச் சோதிக்கலாம் என்று வழி செய்தது. அங்கும் கேட்கும் உரிமை வேட்பாளருக்குத்தான். நம் மாநிலத்தின் ஊரக உள்ளாட்சித் தேர்தல்களில் 2019இலும் 2021இலும் நான்கு நிற வாக்குச்சீட்டுகளையே பயன்படுத்தினார்கள் என்பதையும், அவற்றை எண்ணி முடிக்க இரவு பகலாகியும் ஊர்கள் பொறுமையோடு காத்திருந்தன என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன். காத்திருக்க நம் மக்களுக்குத் தெரியும்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1996இல் வெளியிட்ட சட்டத் தொகுப்பு, திருத்தந்தைத் தேர்தல் எவ்வாறு நடைபெற வேண்டுமென்று நுணுக்கமாக வகுத்துள்ளது. சிஸ்டைன் சிற்றாலயத்தில் கூடும் கர்தினால்மார் தூய ஆவியாரின் துணையை மன்றாடிய பின்னரே வாக்களிக்கின்றனர். அவர்களைவிட நம்பத்தக்க வாக்காளர்கள் இவ்வுலகில் யார் என்று கேட்கலாம். ஆயினும் அச்சட்டம் என்ன செய்கிறது? வாக்குகளை எண்ண மூவரைச் சீட்டுக் குலுக்கித் தேர்கிறது. அவர்கள் சீட்டுகளை முதலில் எண்ணுகின்றனர். வாக்காளர் தொகையோடு பொருந்தவில்லையானால் பிரிக்காமலே எரித்துவிட்டு மறுபடி வாக்களிக்க வேண்டும். பொருந்தினால் ஒவ்வொன்றாகப் படித்து, ஊசியால் நூலில் கோக்கின்றனர். அத்தோடு முடியவில்லை. எண்ணியவர்கள் சரியாக எண்ணினார்களா என்று பார்க்க வேறு மூவர் இருக்கின்றனர். அவர்கள் சீட்டுகளையும் குறிப்புகளையும் மீண்டும் சரிபார்க்கின்றனர். எவரும் கேட்க வேண்டியதில்லை. ஐயம் எழ வேண்டியதில்லை. ஆதாரம் காட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் மறு எண்ணிக்கை உண்டு. அதன்பிறகுதான் நெருப்பு. 2013இல் ஒரு சுற்றில், இரு சீட்டுகள் ஒட்டிக்கொண்டதால் ஒன்று கூடுதலாக வந்து, அச்சுற்று முழுவதும் தள்ளப்பட்டு மறுபடி வாக்களித்தனர் என்று பின்னர் வெளியான நூல்கள் கூறுகின்றன. திருச்சட்டத் தொகுப்பின் 173ஆம் எண்ணும், வாக்குகளின் தொகை வாக்காளரின் தொகையை மிஞ்சினால் அவ்வாக்கெடுப்பு செல்லாது என்கிறது. தூய ஆவியாரை நம்புகிறவர்கள் கூட்டலையும் சரிபார்க்கிறார்கள். இவ்விரண்டும் முரணானவை என்று திருச்சபை கருதவில்லை.

நான் கருதியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் இளம் பங்குத்தந்தையாக இருந்தபோது, பங்குப் பேரவையின் துணைத் தலைவர் தேர்தலை நடத்தினேன். நானும் உபதேசியாரும் எண்ணினோம். இரண்டு வாக்கு வித்தியாசத்தில் ஒருவர் வென்றார். தோற்றவர் எழுந்து, மிகப் பணிவோடு, "சாமி, ஒருக்கா திருப்பி எண்ணிப் பாத்திரலாங்களா?" என்றார். எனக்குச் சினம் வந்தது. கோவிலுக்குள்ளேயும் சந்தேகமா என்று கேட்டேன். என்மேல் நம்பிக்கையில்லையா என்றும் கேட்டேன். வத்திக்கானில் எரிக்கிறார்கள் என்ற பெருமிதத்தோடு சீட்டுகளைச் சக்கிரீஸ்துக்குப் பின்னால் கொண்டுபோய் எரித்தும்விட்டேன். வத்திக்கானில் எரிக்கும் முன் என்ன செய்கிறார்கள் என்பதை அப்போது நான் படித்திருக்கவில்லை. படித்திருந்தாலும் கேட்டிருப்பேனா தெரியாது. அவர் அதன்பின் ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வந்தார். பங்குக் கூட்டம் எதற்கும் வரவில்லை. இறக்கும்வரை என்னிடம் ஒரு சொல்லும் குறைகூறியதில்லை. அவர் தோற்றது உண்மைதானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை நான்தான் எரித்தேன்.

நூறு ஆடுகளில் ஒன்றைக் காணவில்லை என்று அந்த ஆயனுக்கு எப்படித் தெரிந்தது? எத்தனையோ முறை அந்த உவமையைப் பற்றி மறையுரை ஆற்றியிருக்கிறேன். தேடிச் சென்றதையும் தோளில் சுமந்து வந்ததையும் விரித்துரைத்திருக்கிறேன். அவன் மாலையில் அமர்ந்து எண்ணினான், கணக்குக் குறையவே ஒருவேளை மறுபடியும் எண்ணினான் என்பதை அண்மையில்தான் நினைத்தேன். தொண்ணூற்றொன்பதும் நூறும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

ஆகவே வாக்காளர் பொறுப்பு என்று நாம் பேசும்போது, சாவடிக்குச் செல்லுங்கள், பணம் வாங்காதீர்கள் என்ற அளவோடு நின்றுவிடுவது போதாது என்றே நினைக்கிறேன். செல்வது முதற்கடமை என்பதில் ஐயமில்லை. நம் சத்தியமங்கலம் மலைக்கு அப்பால், கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளித் தொகுதியில், 2004இல் ஒருவர் 40,752 வாக்கும் மற்றவர் 40,751 வாக்கும் பெற்றனர்; தோற்றவரின் ஓட்டுநரே அன்று வேலை மிகுதியால் வாக்களிக்கப் போகவில்லை என்று செய்திகள் வந்தன. ஆனால் சென்று வாக்களித்தவரின் வாக்கு எண்ணப்பட்டதா என்று கேட்பதும் கடமையின் பகுதியே. ஒவ்வொரு சாவடியிலும் வாக்குப்பதிவு முடிந்ததும் பதிவான வாக்குகளின் கணக்கை 17சி என்னும் படிவத்தில் எழுதி, வேட்பாளரின் முகவர்களுக்குப் படி தரவேண்டும் என்பது விதி. எண்ணும் நாளன்று அந்தப் படியோடு மேசை முன் அமர்ந்து எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டும். முடிவை அறிவிப்பதற்கு முன்பே, காரணத்தை எழுத்தில் காட்டி, மீண்டும் எண்ணக் கேட்கலாம் என்று 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின் 63ஆம் விதி கூறுகிறது. அறிவித்தபின் நாற்பத்தைந்து நாள்களுக்குள் நீதிமன்றம் செல்வதைத் தவிர வழியில்லை. இவற்றைத் தெரிந்த பொதுநிலையினர் நம் பங்குகளில் எத்தனை பேர்? அன்பியக் கூட்டங்களில் ஒரு மாலை இதற்கு ஒதுக்கலாம்.

படம் பார்த்த அன்று இரவு, மன்றத்தைப் பூட்டும் நேரத்தில், அந்தத் தையல் தொழிலாளி தயங்கி நின்றார். அவருடைய சித்தி ஊரில் ஆசிரியையாக இருந்தவராம். 2016இல் தேர்தல் பணிக்குச் சென்று அஞ்சல் வாக்கு அனுப்பியவர். அவருடைய படிவத்திலும் கையொப்பமிட்டவர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியரே. அந்த 203இல் தம்முடையதும் ஒன்றா என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. யாரைக் கேட்பதென்றும் தெரியவில்லை. "அப்புறம் ஓட்டுப் போடுறதையே விட்டுட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லை சாமி. அடுத்த எலெக்சன்ல மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருத்தரைத் தேடி, வெயில்ல ரெண்டு ஊர் தாண்டிப் போய்க் கையெழுத்து வாங்கிட்டு வந்தாங்க" என்றார்.